கிழக்கைத் தேடிப் போன டீ வண்டி

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி சௌந்தரம். ஜீயபுரத்தில் சாமிக்கண்ணு, அவன் மனைவி செல்லம்மா. ஸ்ரீரங்கத்தில் சௌந்தரத்தின் சிநேகிதி ருக்மிணி, அவள் புருஷன் சீனிவாசன், மாமனார். ஒரு பால்காரர். பெருமாள் (கொஞ்சம் தாமதமாக வந்தார்). அப்புறம் டம்ளரோடு வந்தவர்கள். அவர்களை நான் எண்ணவில்லை. சௌந்தரத்துக்குத் தெரியும்.

நான் நாலாம் கிளாசோடு நின்றவன். லாரி ஓட்டினேன். லாரியோடு பேச வேண்டியதில்லை, அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்தது. சொந்தமாக யோசனை செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரே ஒரு தடவை செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. தென்னூரில் எங்கள் வீடு. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், அண்ணியின் தம்பிகள், அந்தத் தம்பிகளைப் பார்க்க வந்து திரும்பிப் போகாதவர்கள். அண்ணனுக்கு வாழைத்தார் வியாபாரம். தார்களைப் பழுக்கப் போட்டுப் புகை மூட்ட ஒரு அறை இருந்தது. அதுதான் எனக்கும் சௌந்தரத்துக்கும் கொடுத்த அறை. தார் வந்தால் நாங்கள் வெளியே. தார் போனால் உள்ளே. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் எங்கள் துணி, தலையணை, தலைமயிர் எல்லாம் வாழைப்பழப் புகை வாசனை. லாரி செட்டில் என்னை மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சௌந்தரம் அதற்கு வருத்தப்படவில்லை. அவள் வருத்தமெல்லாம் அடுப்பு. அது அண்ணியுடையது. சௌந்தரம் காய் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம், காப்பி ஊற்றலாம். பற்றவைக்கக் கூடாது. ஊற்றி முடித்ததும் அண்ணி கேட்பார்.

"எத்தனை?"

எத்தனை டம்ளர் ஊற்றினாள் என்று சௌந்தரம் சொல்ல வேண்டும். ஒன்று கூடினால் விசாரணை. அதனால் அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாருக்கு எதை ஊற்றினாலும் உதடு தானாக அசையும். (செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூடப் பார்த்திருக்கிறேன்.)

அந்த நேரத்தில்தான் எனக்குச் சீட்டு விழுந்தது. பாலக்கரையில் ஒரு பழைய வண்டிக் கொட்டகை. அங்கே ஒரு வேன் நின்றது. ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ ஊற்றி ஜனங்களைப் பழக்குவதற்காக ஒரு டீத்தூள் கம்பெனி வைத்திருந்த வண்டியாம். ஜனங்கள் பழகிவிட்டார்களாம், அதனால் விற்கிறார்களாம். அந்த வண்டி நம் பக்கம் சுற்றிய காலத்தில் நான் எங்கோ விழுப்புரம் ரோட்டில் டயர் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன். பார்த்ததே இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பேர் படுக்கலாம். இடது பக்கம் பெரிய ஜன்னல், அதற்குக் கீழே டீ ஊற்றுவதற்கு மடக்குப் பலகை. அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்துவிட்டது. இது வீடு. சக்கரம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

விற்றவர் நல்ல மனுஷர். குறையைச் சொல்லித்தான் விற்றார். ஹாரன் கிடையாது, பதிலுக்கு ஒரு வெண்கல மணி, கயிற்றை இழுத்தால் அடிக்கும். ரிவர்ஸ் கியர் விழாது.

"நமக்கு எதுக்குங்க பின்னாடி போற வேலை?" என்றேன்.

(என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே தத்துவம். தப்பு.)

பலகைக்குப் பக்கத்தில் பம்பு ஸ்டவ்வை நட்டு போட்டு முறுக்கினேன். படுக்கப் பலகை அடித்தேன். சௌந்தரம் பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை போட்டாள். வண்டியின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஆவி பறக்கிற ஒரு டம்ளரும், பக்கத்தில் சிரிக்கிற ஒரு பொம்பளையும் வரைந்திருந்தது. கம்பெனி பெயரைச் சுரண்டிவிட்டு, இதையும் அழித்துவிடலாம் என்று பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.

"கண்ணு எவ்வளவு லட்சணமா போட்டிருக்கான். அழிக்காதீங்க" என்றாள் சௌந்தரம்.

அழிக்கவில்லை. படுக்கைக்கு அடியில் சீல் உடைக்காத டீத்தூள் டின் ஒன்று கிடந்தது. வீட்டோடு வந்த சீதனம் என்று அதையும் வைத்துக்கொண்டோம். ஆக, படம் இருந்தது, மணி இருந்தது, தூள் இருந்தது. டீ வண்டிக்கு வேறு என்ன வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அண்ணன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே ஏறி அகலத்தைக் கையால் அளந்தார்.

"தம்பி, தாரு அடுக்கினா எம்புட்டுப் புடிக்கும்?"

"இது வீடுண்ணே."

"வீடா? வீடுன்னா பால் காய்ச்சணும்டா. பால் பொங்கணும். இதுல எங்கிட்டுக் காய்ச்சுவ?"

அண்ணி வாசலில் நின்று சொன்னார். "காய்ச்சட்டுமே. வெள்ளிக்கிழமை நல்ல நாளுதான். விளக்கு வெக்கிறதுக்குள்ள பால் பொங்கிடுச்சுன்னா வீடு. இல்லேன்னா வண்டி. வண்டின்னா மண்டிக்குத் தாரு ஏத்தலாம். சரியா?"

நான் வாயைத் திறக்குமுன் சௌந்தரம் "சரிக்கா" என்றுவிட்டாள்.

அண்ணி சொல்லாத மிச்சமும் எங்களுக்குத் தெரியும். காய்ச்சுவது தென்னூரில் என்றால் கரண்டியை அவர்தான் பிடிப்பார். அதனால் சௌந்தரம் ஒரு ஏற்பாடு செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புவது. முதலில் ஜீயபுரம், என் சிநேகிதன் சாமிக்கண்ணு வீட்டு வாசலில் வைத்துக் காய்ச்சுவது. அப்புறம் ஸ்ரீரங்கம் போய் ருக்மிணியைப் பார்ப்பது. ராத்திரி சொந்த வீட்டில் தூக்கம்.

கல்யாண வேட்டி கட்டிக்கொண்டேன். கரூர் ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. குடமுருட்டி தாண்டினதும் சௌந்தரம் கேட்டாள்.

"ஏங்க, பால் கிழக்கால பொங்கி வழியணும். நம்ம வீட்டுக்குக் கிழக்கு எது?"

"வண்டி நிக்கிறதைப் பொறுத்து."

"அப்ப நிக்கிற இடத்துக்கு இடம் மாறுமா?"

"மாறும்."

"அப்ப மனையடி சாஸ்திரம் பாக்குறவரும் நம்ம கூடவே வரணும்."

"இடமில்லை."

ஸ்டவ் இருப்பது இடது பக்கம். இடது பக்கம் கிழக்காக வேண்டுமென்றால் வண்டி தெற்கே பார்த்து நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நான் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சூரியனைப் பார்த்து, கையை நீட்டி, இரண்டு தடவை சுற்ற வேண்டியிருந்தது. வயலில் களை எடுத்தவர்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

ஜீயபுரம் எல்லையில் ஆடுகள். மணியை அடித்தேன். ஆடுகள் விலகவில்லை. ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். வண்டிக்கு முன்னால் கத்திக்கொண்டே ஓடினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். சொந்த வண்டியில் வருகிறவனுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தேன். அதற்காக இன்னும் நாலு தடவை அடித்தேன்.

சாமிக்கண்ணு முன்பு என் லாரியில் கிளீனர். மாமனார் நிலம் வந்ததும் வாழைக்கு வந்துவிட்டான். ஓடிவந்து கதவைத் திறந்தான்.

"அண்ணே! என்னண்ணே இது, கல்யாண வேட்டியெல்லாம்! அண்ணி, இறங்குங்க. செல்லம், இலையைப் போடு!"

சௌந்தரம் விஷயத்தைச் சொன்னாள். சாப்பாடு வேண்டாம், முதலில் வண்டிக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்றாள். செல்லம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏன் அண்ணி, எங்க வீட்டு அடுப்புல பூனை படுத்திருக்கா? வாசல் வரைக்கும் வந்துட்டு வண்டியில பொங்கித் தின்னுட்டுப் போனீங்கன்னா இந்த ஊரு என்னையப் பத்தி என்னா பேசும்?"

அவளைச் சமாதானம் செய்ய அரைமணி. (இரண்டு சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் சமாதானம். பச்சைக் கத்தரிக்காய்க் குழம்பு. அதற்கு மட்டும் இன்றும் வருத்தமில்லை.) பிறகு அவளே பசுவைக் கறந்து சொம்பு நிறையப் பால் கொடுத்தாள்.

இனி வண்டியைத் தெற்கே பார்த்து நிறுத்த வேண்டியதுதான். ரோடு கிழக்கு மேற்காகப் போகிறது. தெற்கே ஒரு மண்பாதை வயலுக்குள் இறங்கியது. அதில் திருப்பினேன். அளவாகத்தான் திருப்பினேன். பாதைதான் அளவில்லாமல் இருந்தது. முன்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

"பின்னாடி எடுங்க" என்றாள் சௌந்தரம்.

நான் கியரைப் பார்த்தேன்.

"சரி, நிக்கிறது தெற்கே பாத்துத்தானே நிக்குது? இப்படியே காய்ச்சிடறேன்" என்று ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். ஆனால் வண்டி மூக்கைக் குத்தி நின்றது. பால் சட்டி சரிந்து சரிந்து வந்தது. தெற்கே பொங்கும் போலிருந்தது. அது எமன் திசை.

"தூக்கி நிறுத்தணும் அண்ணே, ஆளைக் கூப்பிடுங்க" என்றான் சாமிக்கண்ணு.

கூப்பிட எனக்கு வாய் வராது. மணியை அடித்தேன்.

ஆள் வந்தது. வாழைத் தோட்டத்திலிருந்து, களத்திலிருந்து, ரோட்டோரத்திலிருந்து. இவ்வளவு நல்ல ஊரா என்று அசந்துபோனேன். பிறகு கவனித்தேன். உதவிக்கு வருகிறவன் எதற்கு டம்ளரோடு வருகிறான்? லோட்டா, சொம்பு, கொட்டாங்கச்சி. ஒரு அம்மா கைக்குழந்தைக்கும் தனியாக ஒரு கிண்ணம் வைத்திருந்தது.

பத்துப் பேர் தோள் கொடுத்து வண்டியைத் தூக்கி நேராக வைத்தார்கள். வைத்துவிட்டு ஜன்னலுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மீசைக்காரர் ஒருவர் கேட்டார். "ரொம்ப வருசமா ஆளையே காணமே? கம்பெனியை இழுத்து மூடிட்டாங்களோன்னு பாத்தோம். பாட்டு வெக்கலியா?"

"பாட்டு இல்லைங்க."

"போன தடவை பிஸ்கோத்து குடுத்தாங்க."

"அதுவும் இல்லைங்க."

"சரி, பிரசங்கமாச்சும் பண்ணுங்க. டீ எப்படிப் போடணும், உடம்புக்கு என்ன நல்லதுன்னு அந்தக் கண்ணாடிக்காரரு அரைமணி பேசுவாரே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாண வேட்டி வேறு. கம்பெனி அனுப்பிய பெரிய ஆள் என்று முடிவு செய்துவிட்டார்கள். என் கல்யாணத்திலேயே நான் பேசவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசினேன்.

"குடிங்க."

கை தட்டினார்கள்.

அந்த நேரம் பால் விளிம்புக்கு வந்துவிட்டது. சௌந்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு கணம்தான். பின்னாலிருந்து ஒரு கை வந்தது. சாமிக்கண்ணு. ஒரு சொம்புத் தண்ணீரையும் இரண்டு பிடி தூளையும் சட்டியில் கொட்டினான்.

பால் அடங்கிவிட்டது.

"என்ன அண்ணி, ஜனம் உக்காந்திருக்கு, நீங்க பாலையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! செல்லம், வெல்லம் எடுத்தா!"

அவனுக்கு எங்கள் பந்தயம் மறந்துவிட்டது. பழகின நாளிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் அவன் அப்படித்தான், நம்மைவிட ஒரு அடி முன்னால் இருப்பான். வண்டியைத் தூக்கியவர்களை எழுந்து போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சௌந்தரம் ஊற்றினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆவி என்று சொன்னாள்.

மண்பாதையிலேயே வயலைச் சுற்றி ரோடு ஏறினோம். முத்தரசநல்லூர் வந்ததும் அவள் சொன்னாள்.

"பால் விளிம்பு வரைக்கும் வந்துச்சு."

"ம்."

"அந்த மனுஷன் தண்ணியை ஊத்துனாரு பாருங்க."

"ம்."

"நீங்க 'ம்'முங்கறீங்க. அங்க அக்கா இந்நேரம் தாரை எண்ணி வாசல்ல அடுக்கிருப்பாங்க." புடவைத் திரையைக் கையால் நீவினாள். "ஒரு நாள். ஒரே ஒரு நாள் என் அடுப்புன்னு ஒண்ணு எரியக் கூடாதா?"

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. வண்டியை வேகமாக ஓட்டினேன். அதுதான் நான் சொன்னது.

காவேரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள். மணியின் நாக்கில் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டேன், சத்தமே வராது. பாலம் முழுவதும் தலையை வெளியே நீட்டி "ஓரம், ஓரம்" என்று நானே கத்தினேன். ஒரு வருஷத்துப் பேச்சு அந்தப் பாலத்தில் தீர்ந்தது.

மனசுக்குள் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதி காப்பி குடிக்கிற வீதி. டீ என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். அங்கே நம்மை யாரும் சீண்டமாட்டார்கள்.

மொட்டைக் கோபுரம் தாண்டி, வளைந்து வளைந்து வடக்குச் சித்திரை வீதிக்குப் போனோம். ருக்மிணி வாசலிலேயே நின்றாள். தென்னூர் ஸ்கூலில் ஐந்தாவது வரை சௌந்தரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"வாடி சௌந்தரம்! இதென்னடி, பொம்மையெல்லாம் போட்டு, தேர் மாதிரி வந்து நிக்கறே!"

சௌந்தரம் பந்தயத்தைச் சொன்னாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. ருக்மிணி இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டாள்.

"இன்னிக்கு உற்சவம். பெருமாள் இந்த வீதியா எழுந்தருளப் போறார். இன்னும் நாழி இருக்கு. அதுக்குள்ள காய்ச்சிடலாம். ஏன்னா, இவாளுக்கு வழி விடச் சொல்லுங்கோ!"

சீனிவாசன் ரயில்வேயில் கிளார்க். சட்டைப் பையில் இரண்டு பேனா. "அஞ்சு நிமிஷ வேலை ஸார்" என்றார்.

வீதி கிழக்கு மேற்கு. வண்டி தெற்கே பார்க்க வேண்டும். வேறு வழியில்லை. குறுக்கே நிறுத்தினேன். மூக்கு ருக்மிணி வீட்டு வாசற்படியில். வால் வீதி நடுவில். மிச்ச வழியில் ஆள் ஒருக்களித்துப் போகலாம். மாடு போகாது.

ருக்மிணியின் மாமனார் வாசலுக்கு வந்து படத்தைப் பார்த்தார்.

"தேயிலையா? அது பானமில்லை, கஷாயம். நம்மாத்துல அந்த வாசனையே கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ருக்மிணி பால் கொடுத்தாள். சௌந்தரம் ஸ்டவ்வுக்கு பம்பு அடித்தாள். அடைத்துக்கொண்டது. ஸ்டவ் பின் போட்டுக் குத்தினாள். பற்றியது. அணைந்தது. மறுபடி குத்தினாள். இதற்குள் வீதியில் ஜனம் சேர்ந்துவிட்டது. பெருமாளைச் சேவிக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், பூக்காரிகள், ஜட்கா வண்டிக்காரர்கள். வெயிலில் நின்று தொண்டை வற்றிப்போனவர்கள். வண்டி குறுக்கே நின்றதால் அத்தனை பேரும் வண்டியைச் சுற்றியே நின்றார்கள். தூரத்தில் மேளம் கேட்டது.

சீனிவாசனுக்கு வியர்த்துவிட்டது. "ஸார், கூட்டம் நெருக்கறது. விலகச் சொல்றேன்" என்றார். அவர் நல்லதுதான் நினைத்தார். மணியின் கயிறு கண்ணில் பட்டது. நாக்கில் இருந்த துண்டை அவிழ்த்தார்.

"வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாலத்தில் கத்தியதில் தொண்டை போயிருந்தது. காற்றுதான் வந்தது.

அடித்தார். பலமாக அடித்தார்.

"டேய், டீ வண்டிடா!" என்றான் ஒரு ஜட்காக்காரன்.

அவ்வளவுதான். பூக்காரிகள் கூடையிலிருந்து டம்ளர் எடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். "பெருமாள் பேரால யாரோ புண்ணியவான் டீ ஊத்துறாங்க" என்று செய்தி வீதி முனை வரை போயிற்று. அங்கேயிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. நான் இறங்கி, ஜன்னலுக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் விரித்து ஸ்டவ்வைக் காவல் காத்தேன். என் வயிற்றில் நாலைந்து டம்ளர்கள் குத்தின.

பால் மெதுவாக ஏறியது. சௌந்தரம் கண்ணை எடுக்கவில்லை. சாமிக்கண்ணு இல்லை என்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அப்போது ஜன்னலின் ஓரத்தில் ஒரு வெள்ளி டம்ளர் நீண்டது. கொல்லைப்புறமாகச் சுற்றி வந்திருக்கிறார் ருக்மிணியின் மாமனார். மேல்துண்டால் தலையை மூடியிருந்தார்.

"அம்மா குழந்தே, சித்த சர்க்கரை தூக்கலா. ஆத்துல சொல்லாதே."

பெரியவர் கேட்டால் என்ன செய்வாள்? சர்க்கரை டப்பாவை எடுக்கத் திரும்பினாள்.

பால் பொங்கிற்று.

சட்டியைத் தாண்டி, பலகையில் ஓடி, பலகை விளிம்பிலிருந்து நேராக என் வலது காலில் விழுந்தது. நான் அலறினேன். சத்தம் வந்துவிட்டது. பிறந்தபோது அழுததற்கு அப்புறம் நான் அப்படிக் கத்தியதில்லை என்று நினைக்கிறேன்.

"பொங்கிடுச்சு!" என்று சௌந்தரம் கத்தினாள். "ஏங்க, பொங்கிடுச்சு! கிழக்கால! பொங்கிடுச்சு!"

முன்னால் அலறலும் கூச்சலும் கேட்டதும், பின்னால் நின்றவர்கள் பெருமாள்தான் வந்துவிட்டார் என்று நினைத்தார்கள். "ரங்கா! ரங்கா!" என்று வீதி முழுக்க ஒரே கோஷம். கையைத் தலைக்கு மேல் கூப்பினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிரே இருந்தது ஆவி பறக்கிற டம்ளரும் சிரிக்கிற பொம்பளையும்.

நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மேளம் வீதி முனைக்கு வந்துவிட்டது. "ஸார், வண்டியை எடுங்கோ! பின்னாடி எடுங்கோ!" என்று சீனிவாசன் கையைப் பிசைந்தார்.

"ரிவர்ஸ் இல்லைங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பேனா கீழே விழுந்தது.

சௌந்தரம் ஜன்னலில் தலையை நீட்டினாள். அதுவரை நான் கேட்காத குரல். மூன்று வருஷம் அண்ணியின் சமையலறையில் அடைத்து வைத்த குரல்.

"யாராருக்கு டீ வேணுமோ, வண்டியைத் தள்ளுங்க! ஓரங்கட்டினதும் எல்லாருக்கும் உண்டு!"

டம்ளரை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினார்கள். நான் நொண்டிக்கொண்டே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வண்டி தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால் போயிற்று. ஓரத்தில் சேர்ந்து நின்றதும் பெருமாள் வந்தார். எங்களைத் தாண்டிப் போனார். சௌந்தரம் கரண்டியோடு கும்பிட்டாள்.

கொடுத்த வாக்கு என்று அவள் ஊற்றத் தொடங்கினாள். பால்காரர் ஒருவர் "பெருமாள் காரியம்மா" என்று கேனையே கவிழ்த்தார். ருக்மிணி சர்க்கரை டப்பாவோடு நின்றாள். சீனிவாசன் வரிசை கட்டினார். மாமனார் இரண்டாவது தடவை வந்தார், இந்த முறை வாசல் வழியாகவே. தூள் டின் தட்டித் தட்டிக் காலியாயிற்று. கடைசிக்கு வந்தவர்களுக்கு வெந்நீரில் பால் வாசனைதான். குறை சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது ருக்மிணி சொன்னாள்.

"ஏண்டி, கீழச் சித்திரை வீதி தெற்கு வடக்காத்தானே போறது? அங்க நிறுத்தியிருந்தா நேராவே நின்னிருக்குமே!"

நானும் சௌந்தரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று முழுவதும் அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி சொந்த வீட்டில் தூங்கினோம். கால் எரிந்தது. வாழைப்பழ வாசனை இல்லை. விடிந்ததும் ஜன்னலை யாரோ தட்டினார்கள். டம்ளரோடு ஒருவர் நின்றார். நேற்று வர முடியவில்லையாம்.

தென்னூரில் வாசல் நிறைய வாழைத்தார். அண்ணன் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பொங்குச்சா?"

"பொங்குச்சுக்கா."

"யாரு பாத்தா?"

"இவரு காலைப் பாருங்க."

நான் காலை நீட்டினேன். அண்ணி குனிந்து வெகுநேரம் பார்த்தார். கொப்புளத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"கிழக்காலயா?"

"கிழக்காலதான் நின்னாரு."

அண்ணன் கயிற்றைக் கீழே போட்டார். தோற்றுவிட்டார். ஆனால் அண்ணிக்குப் பழக்கம் விடவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"எத்தனை?"

சௌந்தரம் சொன்னாள். ஜீயபுரத்தைச் சேர்க்கவில்லை. பால் பொங்கினதுக்கு அப்புறம் ஊற்றினால்தான் வீட்டுக் கணக்கு என்பது அவள் கட்சி. வெள்ளி டம்ளர் இரண்டு தடவை வந்ததை ஒன்றாகத்தான் வைத்தாள். அண்ணி ஒரு வாழைத்தார் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, உள்ளே போய், தன் அடுப்புக்கரண்டிகளில் நல்லதாக ஒன்றை எடுத்துவந்து சௌந்தரம் கையில் கொடுத்தார்.

அந்த வண்டியில் ஆறு வருஷம் குடித்தனம் செய்தோம். மூத்த மகள் அதில்தான் பிறந்து வளர்ந்தாள். ரிவர்ஸ் கடைசி வரை விழவில்லை. அப்புறம் தில்லை நகரில் மனை வாங்கி வீடு கட்டினோம். பால் காய்ச்சிய அன்று நல்ல மழை. நாற்பது பேர்கூட வரவில்லை. அண்ணன் சங்கடப்பட்டார். சௌந்தரம் சட்டை செய்யவில்லை. இது ரெண்டாவதுதானே என்றாள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், பந்தி முடிந்ததும் ஒரு வாண்டு அவளிடம் ஓடிவந்து, அண்ணி மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு "எத்தனை?" என்று கேட்கும். வந்தவர்களை அவள் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லோரும் அவள் பக்கம் திரும்புவார்கள். நான் என் வலது காலை மடக்கிக்கொள்வேன். அன்று அண்ணியிடம் சொன்னதையே அவள் சொல்வாள்.

இருநூற்றுப் பதினேழு.